கந்தீஸாவோடு முடிந்துபோன குழுவா இந்தியன் ஓஷன்?

இந்தியன் ஓஷன் குழுவைப் பற்றிப் பேச்செடுத்தால் எங்கள் சிங்கப்பெருமாள் கோயில் வட்டாரத்து ரசிகர்களிடம் ஒரே தீர்ப்புதான் கிடைக்கும். "‘கந்தீஸா’ ஆல்பம் வரைக்கும்தான் அது பேண்டு. அதுக்கப்புறம் பேரை வெச்சு வண்டி ஓட்டுறாங்க." கொஞ்சம் தாராள மனதுக்காரர்கள் அந்த எல்லையைப் பாடகர் அஷீம் சக்ரவர்த்தி இறந்த 2009 வரை தள்ளிவைப்பார்கள். இன்னும் தாராளமானவர்கள் கிதார் வாசித்த சுஸ்மித் சென் விலகிய 2013 வரை வருவார்கள். அதற்குமேல் ஓர் அடி நகரமாட்டார்கள். 2014இல் வந்த ‘தந்தானு’, 2023இல் வந்த ‘தூ ஹை’ ஆல்பங்களைக் கேட்டீர்களா என்றால், "கேட்டேன், அந்த ஃபீல் இல்ல" என்பதோடு விசாரணை முடிந்துவிடும். இளையராஜா என்றால் எண்பதுகள், ரஹ்மான் என்றால் தொண்ணூறுகள் என்று தமிழ்நாடு முழுக்கச் சொல்லப்படுகிறதே, அதே தீர்ப்பு டெல்லி ராக் குழு ஒன்றின் மேல் வந்து உட்கார்ந்திருக்கிறது.

ருசி அவரவர் பாடு என்று விட்டுவிட எனக்கு மனமில்லை. அசல் என்று ஒன்று இருந்தது, ஆள் மாறியதும் அது கெட்டுப்போனது என்று ஒரு வரலாற்றையே சொல்கிறார்கள். அப்படி ஒன்று நடக்கவில்லை.

நடந்தது என்னவென்று பார்ப்போம். 1990இல் டெல்லியில் கிதார் வாசித்த சுஸ்மித் சென்னும், தபலா வாசித்துக்கொண்டே பாடிய அஷீம் சக்ரவர்த்தியும் சேர்ந்து இந்தக் குழுவைத் தொடங்கினார்கள். 1991இல் பேஸ் கிதாரோடு ராகுல் ராம் வந்தார். 1993இல் எச்.எம்.வி. அவர்களுடைய முதல் ஆல்பத்தை வெளியிட்டது. குழுவின் பெயரே ஆல்பத்துக்கும் பெயர். அப்போது டிரம்ஸில் இருந்தவர் ஷலீன் சர்மா. அமித் கிலம் வந்து சேர்ந்தது 1994இல்தான். ஆக, சுவரொட்டியில் நான்கு முகமாகப் பதிந்து, அதுதான் அசல் என்று கும்பிடப்படும் அந்த நால்வர் அணி முதல் ஆல்பத்தில் கிடையவே கிடையாது. ஒருவர் போய் இன்னொருவர் வந்த பிறகு உண்டானது அது. ஆள் மாறினால் குழு செத்தது என்பதுதான் கணக்கு என்றால் இந்தியன் ஓஷன் 1994லேயே செத்திருக்க வேண்டும். ‘கந்தீஸா’ வந்தது 2000இல். செத்த குழுவின் ஆல்பத்தையா இவர்கள் இத்தனை காலம் தலையில் தூக்கிவைத்து ஆடுகிறார்கள்?

ஆரம்பத்திலேயே ஆண்டுக்கு ஆண்டு இவர்கள் இசை எவ்வளவு மாறியது என்பதையும் ரசிகர்கள் கவனிப்பதில்லை. தொடக்க காலத்தில் பாட்டைவிட வாத்திய இசைக்கே இடம் அதிகம். 1997இல் வந்த ‘டெஸர்ட் ரெய்ன்’ ஸ்டூடியோவுக்குள் செய்ததே அல்ல. வீதி நாடகம் நடத்திக்கொண்டிருந்தபோது 1989 புத்தாண்டு அன்று தாக்கப்பட்டு மறுநாள் உயிரிழந்த ஸஃப்தர் ஹஷ்மியின் நினைவாக ஸஹ்மத் அமைப்பு டெல்லியில் நடத்திய நிகழ்ச்சியில், கூட்டத்தின் முன்னால் வாசித்ததை அப்படியே பதிவுசெய்து ஆல்பமாக்கினார்கள். மூன்று ஆண்டு கழித்து வந்த ‘கந்தீஸா’வில் பாட்டு முன்னால் வந்துவிட்டது. முதல் ஆல்பத்துக்காக இவர்களை நேசித்தவர் யாராவது அன்று டெல்லியில் இருந்திருந்தால், "நல்லா வாசிச்சுக்கிட்டு இருந்தாங்க, இப்ப பாட ஆரம்பிச்சுட்டாங்க, போச்சு" என்று சொல்லியிருப்பார். அவர் பேச்சைக் குழு கேட்டிருந்தால் ‘கந்தீஸா’வே நமக்குக் கிடைத்திருக்காது.

அந்த ஆல்பத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். எதிர்த்தரப்பு தன் ஆதாரமாகக் கொண்டுவந்து வைப்பது அதைத்தான். தலைப்புப் பாட்டு கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்கள் தேவாலயத்தில் பாடும் பழைய அரமேய மொழித் துதி. வங்காளிகளும் மற்றவர்களும் சேர்ந்த ஒரு டெல்லிக் குழுவில் யாருக்கும் அது தாய்மொழி இல்லை. ‘மா ரேவா’ நர்மதைக் கரையின் நாட்டுப்பாடல். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் நச்சியலில் முனைவர் பட்டம் வாங்கித் திரும்பிய ராகுல் ராம், நர்மதை அணை எதிர்ப்பு இயக்கத்தில் போய் வேலை செய்த காலத்தில் அந்தக் கரையிலிருந்து எடுத்துவந்த பாட்டு. ‘ஹில்லே லே’ கோரக் பாண்டே என்ற புரட்சிக் கவிஞர் போஜ்புரியில் எழுதியது. இதில் எதுவுமே இந்தக் குழுவுக்குப் பிறப்பிலேயே கிடைத்த சொத்து கிடையாது. கேட்ட இடத்திலிருந்து எடுத்து, வாசித்து வாசித்துத் தங்களுடையதாக ஆக்கிக்கொண்டவை. வெளியிலிருந்து வருவதை உள்ளே வாங்கி உருமாறுவதுதான் இவர்கள் முறை. 2000இல் அப்படி மாறியதைக் கொண்டாடிவிட்டு 2014இல் அதே முறையில் மாறியதைத் துரோகம் என்பது என்ன நியாயம்?

இந்த இடத்தில் இன்னொரு கேள்வி என்னிடம் அடிக்கடி வரும்: இந்தி தெரியாத தமிழன் உனக்கு இதில் என்ன கிடைக்கிறது? இந்தித் திணிப்பை எதிர்த்த மண்ணில் வளர்ந்தவன் நான்; அந்த எதிர்ப்பில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ஆனால் இந்தக் குழு இந்தியின் கொடியைப் பிடித்துக்கொண்டு வந்ததல்ல. அரமேயமும் போஜ்புரியும் நர்மதைக் கரைப் பேச்சும் டெல்லிக்காரனுக்கும் அந்நியம்தான். அந்தப் பாட்டுகளை அவன் எப்படிக் கேட்டானோ அப்படியேதான் நானும் கேட்கிறேன்.

அடுத்த குற்றச்சாட்டு சினிமா. "படத்துக்கு மியூசிக் போட ஆரம்பிச்சதும் விலை போயிட்டாங்க" என்பார்கள். 1993 மும்பைக் குண்டுவெடிப்புகளைப் பற்றி அனுராக் காஷ்யப் எடுத்த ‘பிளாக் ஃபிரைடே’தான் இதற்குச் சொல்லப்படும் உதாரணம். அந்தப் படம் நீதிமன்றத் தடையில் ஆண்டுக்கணக்கில் கிடந்து 2007 பிப்ரவரியில்தான் திரைக்கு வந்தது. பியூஷ் மிஸ்ரா எழுதிய ‘பந்தே’ அதற்குள் படத்தின் துணை இல்லாமலே ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்திருந்தது. விலைபோகத் துடிப்பவன் தடையில் சிக்கக்கூடிய படத்தைத் தேடிப் பிடிப்பானா? அதில் கதாநாயகன் ஆட ஒரு டூயட் உண்டா? கலவரமும் பழிவாங்கலும் மனிதனை என்ன செய்கின்றன என்று தொண்டை கிழியக் கேட்கிறது அந்தப் பாட்டு. தமிழ்நாட்டில் நாம் இசையை அளப்பதெல்லாம் சினிமா என்ற ஒரே படியால்தான். அதனால் சினிமாவுக்குள் போனவன் ஒன்று பெரியவன் ஆகிவிட்டான், அல்லது கெட்டுவிட்டான் என்று இரண்டே முடிவு நமக்குத் தெரியும். தன் ஓசையை விடாமல் உள்ளே போய் வந்தவனைக் கணக்கில் எழுத நம்மிடம் பத்தி இல்லை. ‘பிளாக் ஃபிரைடே’வுக்குச் சற்று முன்னால், 2003இல், கபீரின் பாடலைத் தலைப்பாகக் கொண்டு ‘ஜீனி’ ஆல்பத்தை இவர்கள் வெளியிட்டதையும் சேர்த்துப் பார்த்தால் விலை போன கதை நிற்காது.

பணத்தாசைக் குற்றச்சாட்டுக்கு முழுப் பதில் 2010இல் வந்தது. டெல்லி கரோல் பாகில் இவர்கள் 1997இலிருந்து பயிற்சி செய்த பழைய வீட்டின் முகவரிதான் ‘16/330 கஜூர் ரோடு’. அந்தப் பெயரில் ஏழு பாட்டுகளைச் செய்தார்கள். இசை நிறுவனத்திடம் போகவில்லை. மாதம் ஒரு பாட்டாக இணையத்தில் இலவசமாகக் கொடுத்தார்கள். இருபது ஆண்டு உழைத்துப் பெயர் வாங்கிய குழு, விற்கக்கூடிய ஆல்பத்தை, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று வாசலில் வைத்துவிட்டது. அதில் ஒலிப்பது அஷீமின் குரல். பதிவெல்லாம் முடிந்து, பாட்டு ஒன்றுகூட வெளிவராத நிலையில், 2009 டிசம்பர் 25 அன்று அவர் போய்விட்டார்.

எதிர்த்தரப்பின் பலமான வாதத்துக்கு இப்போது வருகிறேன். எங்கள் ஊர் ரயில்வே கேட் பக்கம் செல்போன் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் இந்தக் குழுவை எனக்கு முன்பிருந்தே கேட்பவர், ‘கந்தீஸா’வின் சி.டி.யை இன்னும் கல்லாப்பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருக்கிறார். அவர் சொல்வது இது: "நீ ஆயிரம் கணக்கு சொல்லு தம்பி. டிரம்ஸ் ஆளு மாறுறது வேற, பாடுற குரலே போறது வேற. அஷீம் இல்லாத இந்தியன் ஓஷன் வேற பேண்டு. பேரு மட்டும்தான் அதே." இதை நான் லேசாகத் தள்ளமாட்டேன். அஷீம் பாடும் இடங்கள் எனக்கும் மனப்பாடம். மேல் ஸ்தாயியில் கரகரத்து எழும் அந்தக் குரலும், சப்பணமிட்டு உட்கார்ந்து கை தபலாவில் ஓட ஓடப் பாடும் அந்த உடம்பும் திரும்பி வராது. அந்த இழப்பை எந்த ஆல்பமும் ஈடுகட்டவில்லை. ஈடுகட்டியது என்று நான் எங்கும் சொல்லவில்லை.

ஆனால் அண்ணனிடம் நான் கேட்பது வேறு. அஷீம் போன பிறகு குழு என்ன செய்தது என்று பாருங்கள் அண்ணே. இன்னொரு அஷீமைத் தேடிப் பிடித்து, அதே பாட்டுகளை அதே மாதிரி பாடவைத்து, ரசிகர்கள் காதை ஏமாற்றவில்லை. அப்படிச் செய்திருந்தால்தான் பேரை வைத்து வண்டி ஓட்டியது ஆகும். அவர்கள் அந்த ஒரு இடத்தை இரண்டாகப் பிரித்தார்கள். தபலாவுக்குத் துஹீன் சக்ரவர்த்தி வந்தார். பாட ஹிமான்ஷு ஜோஷி வந்தார். அதனால் ஓசையே மாறியது. பாடுகிறவரின் மூச்சுக்கும் தபலாவின் நடைக்கும் இருந்த கட்டு அவிழ்ந்தது. முன்பெல்லாம் பாட்டு ஏறும்போது தபலா கூடவே ஏறும், இறங்கும்போது கூடவே இறங்கும். ஒரே ஆள் அல்லவா. இப்போது குரல் ஒரே இடத்தில் நின்று இழுக்கும்போதே தபலா அமித் கிலமின் டிரம்ஸோடு தனியாகப் பேசப் போகிறது. பழைய பதிவையும் புதிய பதிவையும் அடுத்தடுத்துப் போட்டால் எவர் காதுக்கும் இது படும். இழப்பிலிருந்து ஒரு புது இலக்கணத்தை உண்டாக்கியிருக்கிறார்கள். அதைக் காதால் வாங்கிக்கொண்டு பிடிக்கவில்லை என்றால் எனக்குச் சண்டையே இல்லை. வாங்காமலே தீர்ப்பு எழுதுவதோடுதான் சண்டை.

ராக் வரலாற்றில் இது புதிதும் அல்ல. 1980 பிப்ரவரியில் ஏசி/டிசி குழுவின் பாடகர் பான் ஸ்காட் இறந்தார். அதே ஆண்டு ஜூலையில் புதுப் பாடகர் பிரையன் ஜான்சனோடு வந்த ‘பேக் இன் பிளாக்’தான் அவர்கள் ஆல்பங்களிலேயே அதிகம் விற்றது. பிங்க் ஃபிளாய்டைத் தொடக்கத்தில் வழிநடத்திய சிட் பாரெட் 1968இல் விலகினார். ‘டார்க் சைட் ஆஃப் த மூன்’ 1973இல் வந்தது. பாப் டிலன் மின்கிதாரைத் தூக்கியதற்காக 1966இல் மான்செஸ்டர் அரங்கில் ஒருவர் அவரை யூதாஸ் என்று கத்தினார். இன்றைக்கு டிலனின் அந்தக் கட்டத்தை யாரும் சரிவு என்று சொல்வதில்லை.

2013இல் சுஸ்மித் சென் விலகியது இரண்டாவது அடி. குழுவைத் தொடங்கிய இருவரும் இப்போது அதில் இல்லை. சுஸ்மித்தின் கிதார் தனி ரகம்: சத்தத்தைச் சிதைக்கும் கருவிகளை நம்பாமல் ஒவ்வொரு சுரத்தையும் சுத்தமாக ஒலிக்கவிட்டு, சிறு சுரக்கோவை ஒன்றைச் சுற்றிச் சுற்றி வருவார். அவர் இடத்துக்கு வந்த நிகில் ராவ் அதை நகலெடுக்கவில்லை. மின்கிதாரின் கனம் கூடியது. சுழற்சி குறைந்து பாய்ச்சல் வந்தது. அடுத்த ஆண்டு வந்த ‘தந்தானு’வில் பாட்டுக்குப் பாட்டு விருந்தாளிகள். ஷுபா முத்கல், விஸ்வமோகன் பட், ஷங்கர் மகாதேவன், கர்ஷ் காலே, விஷால் தத்லானி, அவர்களோடு நம் ஊர் வயலின் குமரேஷ், கஞ்சிரா செல்வகணேஷ். "சொந்தச் சரக்கு தீர்ந்துபோச்சு, அதான் ஊரைக் கூட்டுறாங்க" என்று இந்த ஆல்பத்தை ஒதுக்குகிறார்கள். சில பாட்டுகளில் நெரிசல் இருக்கிறது என்பது என் கருத்தும். விருந்தாளிக்கு இடம் விட்டு விட்டுக் குழு பின்னால் ஒதுங்கி நிற்கும் இடங்கள் உண்டு. ஆனால் தொடங்கியவர்கள் இருவரும் போன மறுவருடம், பழைய பாட்டுகளைத் திரும்ப வாசித்தே காலம் தள்ளியிருக்கக்கூடிய ஒரு குழு, கர்நாடக வயலினையும் கஞ்சிராவையும் எதிரே உட்காரவைத்துப் புதுப் பாட்டு செய்தது. சரக்கு தீர்ந்தவன் செய்கிற வேலையா அது? அடுத்த ஆண்டே, நீரஜ் கய்வானின் ‘மஸான்’ படத்துக்கு இதே அணி இசையமைத்தது. வருண் குரோவர் எழுதி ஸ்வானந்த் கிர்கிரே பாடிய அந்தப் படத்தின் ரயில் பாட்டு வழியாகத்தான் இன்றைய கல்லூரிப் பிள்ளைகள் பலர் இந்தக் குழுவிடமே வந்து சேர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு 2015தான் தொடக்கம். அவர்களிடம் போய்க் குழு 2009இல் முடிந்துவிட்டது என்று யார் சொல்வது?

இந்த ஊரில் இருந்துகொண்டு இப்படி ஒரு தீர்ப்பைச் சொல்வது எனக்கு இன்னும் வியப்பு. எங்கள் பாடலாத்ரி நரசிம்மர் இருப்பது பாறையைக் குடைந்த பல்லவர் காலக் குகையில். அவரைச் சுற்றிவர வேண்டுமென்றால் குன்றையே சுற்றிவர வேண்டும். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் கோயில் எடுத்தேன் என்று மண்டகப்பட்டில் கல்லில் வெட்டிவைத்தவர் மகேந்திரவர்மன். அவருக்குப் பின் வந்தவர்கள் மாமல்லபுரத்தில் பாறையை வெளியிலிருந்து செதுக்கி ரதங்களாக நிறுத்தினார்கள். ராஜசிம்மன் காலத்தில் குடைவதையும் விட்டு, கல்லின்மேல் கல் அடுக்கிக் கடற்கரைக் கோயிலைக் கட்டினார்கள். உத்தி மாறியது, அரசர் மாறினார், சிற்பிகள் தலைமுறையே மாறியது. கடற்கரைக் கோயில் முன்னால் நின்று "குகையோட போச்சு பல்லவர் கலை" என்று சொன்ன ஒருவரை நான் பார்த்ததில்லை. கல்லுக்குக் கொடுக்கும் இந்த இடத்தைப் பாட்டுக்குக் கொடுக்க மறுக்கிறோம்.

ஏன் மறுக்கிறோம் என்பதற்கு, இளமை நினைவு, பழைய மோகம் என்றெல்லாம் காரணம் சொல்வார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அதைவிடப் பச்சையான காரணம் ஒன்று இருக்கிறது: கேட்ட முறை. ‘கந்தீஸா’ வந்தபோது கையில் இருந்தது ஒரு கேசட் அல்லது ஒரு சி.டி. அதைத்தான் திரும்பத் திரும்பப் போட்டோம். முதலில் பிடிக்காத பாட்டும் ஓடி ஓடி உள்ளே இறங்கியது. இவர்கள் பாட்டு அப்படிக் கேட்கத்தான் செய்யப்பட்டது. சிங்கப்பெருமாள் கோயிலில் மின்சார ரயிலில் ஏறி ஹெட்போனை மாட்டினால் மறைமலை நகர் தாண்டி, காட்டாங்கொளத்தூர் வரும்போதுதான் பாட்டு சூடு பிடிக்கும். முதல் நிலையத்துக்குள் என்ன வந்தது என்று முடிவு கட்டமுடியாது. ‘தூ ஹை’யை அதே ஆட்கள் எப்படிக் கேட்டார்கள்? போனின் ஸ்பீக்கரில், அரை நிமிடம், வாட்ஸ்அப் பார்த்துக்கொண்டே. பிறகு அடுத்த பாட்டு, அதுவும் அரை நிமிடம். நூறு தரம் கேட்ட ஆல்பத்தை ஒரு தட்டிலும் பாதி தரம் கேட்ட ஆல்பத்தை மறு தட்டிலும் வைத்து, பாதி தரம் கேட்டது எடை குறைவு என்று அறிவிக்கிறோம். ‘தந்தானு’வுக்குப் பிறகு ஒன்பது ஆண்டு கழித்து வந்த ஆல்பம் அது. ஒன்பது ஆண்டு காத்திருந்து செய்தவர்களுக்கு ஒரு முழு ரயில் பயண நேரம்கூடத் தரமாட்டோம் என்றால் குறை எந்தப் பக்கம்?

இதனால் அடிபடுவது ஒரு டெல்லிக் குழு மட்டும் என்றால் இவ்வளவு நீளமாக எழுதியிருக்கமாட்டேன். எந்த ஊர்க் கச்சேரியானாலும் கூட்டத்திலிருந்து எழும் முதல் கூச்சல் ‘கந்தீஸா’, அடுத்தது ‘பந்தே’. புதுப் பாட்டு தொடங்கினால் அரங்கில் பாதிப் பேர் டீ குடிக்கக் கிளம்புகிறார்கள். தமிழில் சினிமாவுக்கு வெளியே அரிதாகப் பிறந்த குழுக்களுக்கும் இதே விதியைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறோம். 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் பா.ரஞ்சித்தின் முயற்சியில் ‘த காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ மேடை ஏறியபோது கானாவும் ராக்கும் ராப்பும் ஒரே வரிசையில் நின்றன. இப்போதே, "அந்த ஃபர்ஸ்ட் ஷோ மாதிரி வராதுப்பா" என்கிற பேச்சு காதில் விழுகிறது. அந்த மேடையிலிருந்து அறிவு ‘தெருக்குரல்’ ஆல்பத்துக்குப் போனார். தென்மா ‘நட்சத்திரம் நகர்கிறது’ படத்துக்கு இசையமைத்தார். இசைவாணி தன் வழியில் பாடிக்கொண்டிருக்கிறார். ஒவ்வொன்றிலும் முதல் நாளில் இல்லாத ஒன்று இருக்கிறது. அதைக் கேட்டுப் பார்த்துக் குறை சொல்லுங்கள், எழுதுங்கள், சண்டை போடுங்கள்.

இந்தியன் ஓஷன் அடுத்த தடவை சென்னைக்கு வரும்போது நாங்கள் சிலர் சேர்ந்து போகப்போகிறோம். ‘தூ ஹை’ ஆல்பத்திலிருந்து ‘ஜாதூ மாயா’வைக் கேட்டுக் குரல் கொடுப்பது என்று முடிவு. செல்போன் கடை அண்ணனும் வருகிறேன் என்றிருக்கிறார். அதற்கு முன் கடையில் ஆல்பத்தை முதலிலிருந்து கடைசி வரை, நடுவில் மாற்றாமல் போட வேண்டும் என்பது அவருக்கு நான் வைத்திருக்கும் நிபந்தனை.